அவசரம், போன் பண்ண வேண்டாம்

அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் ஒரு நிலையில் இல்லை. மழை வந்துவிடும் போல இருட்டும். துணி காயப்போட்டவர்கள் மாடிக்கு ஓடுவார்கள். எடுத்து மடித்துக் கீழே இறங்குவதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். முனகிக்கொண்டே திரும்பக் கொண்டுபோய்ப் போடுவார்கள். தெருவே மாடிக்கும் தரைக்குமாக அலைந்துகொண்டிருந்தபோதுதான் கார்டம்மா வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது.

கார்டம்மா என்பது தெரு வைத்த பேர். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடை திறப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எது வேண்டுமானாலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுவாள். முன் அறையில் ஜன்னலை ஒட்டி மேஜை. மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி, அதன் மேல் தூசிக்காக ஒரு பழைய தலையணை உறை. சுவரில் மாதிரிக் கார்டுகள் வரிசையாகக் கிளிப்பில் தொங்கும். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து படபடக்கும்.

எழுத்து அடிப்பதும் பூ வைப்பதும் அவளுக்குப் பெரிய வேலை இல்லை. யார் பேருக்கு மேலே யார் பேர் என்பதுதான் வேலை. பெண் வீட்டார் ஒரு வரிசை சொல்வார்கள், பிள்ளை வீட்டார் வேறு வரிசை சொல்வார்கள். ஒரு சித்தப்பா பேர் அரை அங்குலம் கீழே போனதற்காக அச்சடித்த பத்திரிகைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. எழுத்துப்பிழை என்றால் அவளுக்கு உடம்பில் முள் தைத்த மாதிரி. கடைவீதியில் நடக்கும்போது போர்டுகளைத் திருத்திக்கொண்டே நடப்பாள். அவள் புருஷன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். "உன்னைக் கூட்டிட்டுப் போனா ஒரு தெருவைத் தாண்ட ஒரு நாள் ஆகுது" என்பார்.

முதல் போன் அச்சகக்காரருடையது.

"ஏம்மா, எந்த ஆஸ்பத்திரி?"

"யாருக்கு?"

"யாருக்கா? உனக்குத்தான். நீதானே மெசேஜ் போட்டிருக்கே!"

"நானா? நான் வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கேன்."

"அப்ப இது யாரு?" என்றார் அச்சகக்காரர். ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார்.

அவர் அனுப்பிக் காட்டிய மெசேஜை அவள் படித்தாள். அவள் பேர், அவள் போட்டோ, அவள் நம்பர். 'அவசரம். ஆஸ்பத்திரில இருக்கென். போன் பண்ண வேன்டாம் பேச முடியாது. இந்த லிங்கில் உதவுங்கள். யாரிடமும் சொல்லதீர்கள்.'

படித்ததும் கண் முதலில் பிழைகளைத்தான் எண்ணியது.

போனை வைக்கவில்லை, அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் கடைத் திறப்புக்கு நோட்டீஸ் அடித்தவர், போன மாசம் பத்திரிகை வாங்கியவர், முகமே நினைவில்லாதவர்கள். சிலர் பதறினார்கள். சிலர், "இப்பக் கையில இல்லம்மா, தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்கள். வெளியூரில் படிக்கிற மகன் மட்டும் சிரித்தான். "அம்மா, உன் போனை யாரோ ஆட்டையப் போட்டுட்டாங்க. நாலு வரியில இத்தனை தப்பா? நீ சாகக் கிடந்தாக்கூட இப்படி எழுத மாட்டே. பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு."

"வாயைக் கழுவுடா" என்றாள். ஆனால் அந்த ஒரு போனில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

காலை டிரிப் முடிந்து வேனை நிறுத்திவிட்டு வந்த புருஷன், அவள் ஒரு காதில் போனும் மறு கையில் டம்ளருமாக அறைக்குள் சுற்றிச்சுற்றி நடப்பதைப் பார்த்தார். விஷயம் கேட்டதும் திரும்ப வேனை எடுத்துக்கொண்டு போய் வயரைக் கூட்டிவந்தார்.

வயர் என்பவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர். ஒல்லியாக, நீளமாக, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று வயர் தொங்க வருவதால் அந்தப் பேர். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. உள்ளே நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். பிறகு திரும்பி வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

"இனி சொல்லுங்க. புதுசா என்ன இறக்குனீங்க?"

"ஒண்ணும் இறக்கலையே."

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க."

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "ஒரு ஃபான்ட்" என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரின் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டி, இதே எழுத்துதான் வேண்டும் என்று நின்றார். கொடி மாதிரி வளைந்து வளைந்து போகிற எழுத்து. தன்னிடம் இருக்கிற எழுத்தெல்லாம் காட்டினாள், அவருக்குப் பிடிக்கவில்லை. தேடினாள். காசு கட்டி வாங்குகிற இடம் ஒன்று இருந்தது. அதற்குக் கீழேயே இலவசம் என்று இன்னொன்று இருந்தது. இறக்கித் திறந்தால், ஆன்டிவைரஸ் இருந்தால் எழுத்து ஏறாது, அணைத்துவிட்டு ஏற்றவும் என்று ஒரு குறிப்பு. அணைத்தாள். கறுப்பாக ஒரு கட்டம் கண்ணிமைக்கிற நேரம் வந்து போனது. எழுத்து ஏறவில்லை. போகிறது என்று வேறு எழுத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொடுத்து வேலையை முடித்தாள். அணைத்ததைத் திரும்பப் போட மறந்தேபோனாள்.

வயர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, திருடன் வாசல்ல வந்து நின்னு, அம்மா எனக்கு நாய்னா பயம், கொஞ்சம் கட்டிப்போடுங்கன்னு கேட்டா கட்டிப்போடுவீங்களா?"

"ஃபான்ட்டுன்னுதானே நெனச்சேன்."

"அவனும் அப்படி நெனைக்கணும்னுதானே அந்தப் பேர் வச்சான். சரி, பாஸ்வேர்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"இதுலயே. அதுவே ஞாபகம் வச்சுக்கவான்னு கேக்கும், சரின்னு சொல்லிடுவேன்."

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். புருஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மெயிலுக்கும் பாங்குக்கும் கரண்ட் பில்லுக்கும் அவருக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

"வீட்டுக்கு, பீரோவுக்கு, வேனுக்கு எல்லாத்துக்கும் ஒரே சாவி. அதையும் வாசப்படியிலேயே தொங்கவிட்டிருக்கீங்க. அவன் ஒவ்வொண்ணா உடைக்கவே இல்ல. கொத்தா எடுத்துட்டுப் போயிட்டான்."

"இதுவரைக்கும் செஞ்ச வேலையெல்லாம்?" என்றாள். "நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டியது இருக்கு. பீரோவுல ஒரு ஹார்டு டிஸ்க்ல எல்லாம் காப்பி வச்சிருக்கேன், எடுத்துட்டு வந்து சொருகிப் பாக்கவா?"

"சொருகாதீங்க!" வயர் போட்ட சத்தத்தில் சுவர்க் கார்டுகள் ஆடின. "அது ஒண்ணுதான் இப்ப சுத்தமா இருக்கு. அதை இதோட முகத்துலயே காட்டக்கூடாது. இந்தப் பெட்டியை மொத்தமா அழிச்சுப் புதுசாப் போடணும். அப்புறம்தான் அது."

அவர் தன் பையிலிருந்து தன்னுடைய லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தார். திருடு போன மெசேஜ் கணக்கை அதில்தான் மீட்க வேண்டும், இந்தப் பெட்டியில் இனி ஒரு எழுத்துகூட அடிக்கக்கூடாது என்றார். அவள் நம்பருக்கு ஒரு எண் வரும், அதைப் போட வேண்டும், வர நேரமாகும், காத்திருக்க வேண்டும். அவள் நகம் கடித்தபடி நின்றாள். புருஷன் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தார். வயர் மட்டும் சாப்பிட்டார்.

இதற்கு நடுவில் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, அது திருட்டு மெசேஜ் என்றாள். "அது கிடக்கட்டும். என் பத்திரிகை நாளைக்கு அச்சுக்குப் போயிடும்ல?" என்றார்.

வயர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த வளைஞ்ச எழுத்து இவருதா?"

"ஆமா."

"உங்க எழுத்து இந்த வீட்டையே வளைச்சிருச்சு சார்" என்று வயர் சொன்னது அவருக்குப் புரியவில்லை. பத்திரிகை போய்விடும் என்று கார்டம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் படி இறங்கினார்.

அவர் இறங்கிய படியில்தான் ஒரு அம்மாள் ஏறினாள்.

நெற்றியெல்லாம் வேர்த்து, முடி கலைந்து, தோளில் ஒரு பெரிய பை. பையின் வாய் மூடாமல் ஒரு பிளாஸ்க்கின் தலையும் மடித்த போர்வையும் தெரிந்தன. வாசலில் நின்று நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே கார்டம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புருஷன்தான் முதலில் பேசினார். "வாங்க அண்ணி."

வந்தவள் கார்டம்மாவின் அக்கா. தங்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கையில் கட்டு இருக்கிறதா, காலில் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

"நீ ஆஸ்பத்திரில இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா."

அக்கா என்கிற அந்த வார்த்தை கார்டம்மாவின் வாயிலிருந்து வந்து பல வருஷம் ஆகியிருந்தது. சொன்னபோது ஏதோ இரவல் வாங்கிய சொல் மாதிரி இருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க இல்லேன்னாங்க. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு. ஒவ்வொரு கவுன்டர்லயும் உன் பேரைச் சொல்லி நிக்கறேன். வயசு கேக்கறான், என்ன நோவுன்னு கேக்கறான். எனக்கு என்ன தெரியும்? கடைசியா வீட்டையாவது பாப்போம்னு வந்தேன்."

"உக்காருங்க அண்ணி, தண்ணி குடிங்க" என்றார் புருஷன்.

"உக்கார்றது இருக்கட்டும். என்ன ஆச்சு இவளுக்கு?"

சொன்னார்கள். வயர் பாதி, புருஷன் பாதி. கேட்கக் கேட்க அக்காவின் முகத்தில் இருந்த பதற்றம் மெல்ல இறங்கி, அந்த இடத்தில் வேறு ஏதோ ஏறியது. பையைக் கீழே வைத்தாள். உட்காரவில்லை.

"அப்ப நீ கூப்பிடல" என்றாள்.

கார்டம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

"எவனோ ஒரு திருடன் கூப்பிட்டிருக்கான். நான் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கேன்."

"அதுல எவ்வளவு தப்பு இருந்துச்சு, பாக்கலியாக்கா? நான் அப்படி எழுதுவேனா?"

"பாத்தேன். பாத்துட்டுத்தான் பயந்தேன். தப்பே விடாதவ இவ்வளவு தப்பு விட்டிருக்காளே, கை நடுங்குது போல, கண்ணு தெரியல போலன்னு..." சட்டென்று கோபம் வந்து கைகொடுத்தது. "தப்பே விடாதவளா நீ? நல்லாத்தான் சொன்னேன். அம்மா கார்டுல விட்டியே, அது?"

வயர் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அவர்கள் அம்மாவின் கடைசி நாட்கள் அக்கா வீட்டில்தான் கழிந்தன. எடுத்ததும் துடைத்ததும் தூக்கி உட்காரவைத்ததும் அக்காவும் அவள் புருஷனும்தான். அம்மா போன அன்று, கண்ணீர் அஞ்சலி கார்டைக் கார்டம்மாதான் செய்தாள். அழுதுகொண்டே செய்தாள். யாருக்கோ முன்பு செய்திருந்த கார்டை எடுத்து, பேர்களை மட்டும் மாற்றினாள். அந்தப் பழைய கார்டில் ஒரே ஒரு மருமகன். அதனால் இதிலும் ஒரு மருமகன் பேர்தான் வந்தது. அவளுடைய புருஷன் பேர். அக்கா புருஷன் பேர் இல்லை. அச்சடித்து ஊர் முழுக்கப் போன பிறகுதான் யாரோ பார்த்துச் சொன்னார்கள். எடுத்துத் துடைத்த மனுஷனின் பேர் இல்லை.

"வேணும்னு செஞ்சேன்னு நெனச்சியா?" என்றாள் கார்டம்மா.

"முதல்ல நெனச்சேன். அப்புறம் நெனைக்கல. தப்பு யாருக்கும் வரும். தப்பா வந்துடுச்சு அத்தான்னு ஒரு வார்த்தை அந்த மனுஷன்கிட்ட வந்து சொன்னியா?"

"போன் பண்ணேன். நீ எடுக்கல."

"ஒரு தடவை எடுக்கலைன்னா விட்டுடுவியா? சோப்பு விக்கறவன்கூட ஒரு நாளைக்கு நாலு தடவை பண்றான்!"

"எனக்கு அசிங்கமா இருந்துச்சுக்கா. இதுதான் என் தொழிலு. வேற என்ன தப்பு பண்ணியிருந்தாலும் வந்திருப்பேன். இந்தத் தப்பைப் பண்ணிட்டு எந்த மூஞ்சியோட வர்றது? நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். அப்படியே வருஷமாயிடுச்சு."

"அந்தத் திருடன் ரெண்டு வரி போட்டான், நான் வந்துட்டேன். நீ போட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

வெளியே மறுபடி இருட்டியது. மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடினார்கள்.

வயர் தொண்டையைக் கனைத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. நடுவுல பேசறேன். அந்த மெசேஜ்ல இருந்த லிங்க்கை நீங்க அமுக்கினீங்களா?"

"அமுக்காம? உதவுன்னு கேட்டிருக்காளே. கம்ப்யூட்டர்ல திறந்து பாங்கு கார்டு நம்பரெல்லாம் போட்டேன். பாதியில ஏதோ எண் கேட்டுச்சு, எனக்குப் புரியல. எதுக்கு இதோட மல்லுக்கட்டணும்னு, நீங்க பாத்துப் பணத்தை அனுப்புங்க, நான் நேர்லயே போறேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்."

"அவர்கிட்டன்னா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட. பஸ் ஏத்திவிட்டுட்டு வீட்டுக்குப் போய் அதைத்தான் பண்ணிட்டு இருப்பார்."

வயர் எழுந்துவிட்டார். "அவருக்குப் போன் போடுங்க. இப்பவே. எந்த எண்ணையும் யாருக்கும் சொல்லக்கூடாது, கம்ப்யூட்டரைத் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க."

அக்கா போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அமுக்கினாள். லைன் பிஸி. திரும்பப் போட்டாள். பிஸி.

"யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசறார்? அவர் போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசவே மாட்டாரே."

அறையில் இருந்த நாலு பேருக்கும் அவர் யாரிடம் பேசிக்கொண்டிருப்பார் என்பது ஒரே நேரத்தில் உறைத்தது. கார்டம்மா தன் போனில் போட்டாள். பிஸி. புருஷன் தன் போனில் போட்டார். பிஸி. மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று ஒரே நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா? அண்டை வீடு?" என்றார் வயர்.

"மருந்துக்கடை இருக்கு, எதிர்த்தாப்புல. நம்பர் மருந்து வாங்கின சீட்டுல இருக்கும், சீட்டு பையில..." அக்கா பையைக் கவிழ்த்தாள். பிளாஸ்க் உருண்டது. மாற்றுப் புடவை, சீப்பு, சோப்பு டப்பா, ஸ்பூன், சின்னத் தலையணை எல்லாம் தரையில் விழுந்தன. நோயாளியோடு தங்க வருகிறவர்கள் கொண்டுவருகிற சாமான்கள். கார்டம்மா குனிந்து சீட்டைத் தேடினாள். அந்தச் சாமான்களைப் பார்த்தபோது அவளுக்கு மூக்கு எரிந்தது. சீட்டு கிடைத்தது.

மருந்துக்கடைக்காரர் எடுத்தார். "அண்ணே, ஓடிப்போய் எங்க வீட்டுக்காரரைப் போனை வைக்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் சுவிட்சைப் பிடுங்கிடுங்க. அப்புறம் சொல்றேன், இப்ப ஓடுங்க!" என்று அக்கா கத்தினாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்வதும் செருப்புச் சத்தமும் கேட்டன. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினார் போலிருக்கிறது. ஹாரன் சத்தம், கதவு தட்டுகிற சத்தம், "சார், சார்!" என்கிற குரல். பிறகு எதுவோ தடாலென்று விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிடுங்கிட்டேன்" என்றது மருந்துக்கடைக்காரரின் குரல். "நாற்காலிதான் விழுந்துச்சு. சார் நல்லாத்தான் இருக்கார். ஆனா கோவமா இருக்கார்."

"அவர்கிட்டக் குடுங்க" என்று சொன்ன அக்கா, என்ன தோன்றியதோ, போனைத் தங்கையின் கையில் திணித்தாள். "நீயே சொல்லு. என் பேச்சை நம்ப மாட்டார். உன் குரலைக் கேட்டாத்தான் நம்புவார்."

கார்டம்மா போனைக் காதில் வைத்தாள்.

"என்ன இது? எதுக்கு வந்து சுவிட்சைப் பிடுங்கறார்?" அத்தானின் குரல் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் மூச்சு மட்டும் அதிகமாக வாங்கியது. "பாங்குலேருந்து பேசிட்டிருக்காங்க. பணம் போகலையாம். தங்கச்சிக்கு ஆபரேஷனாம், சீக்கிரம் பண்ணுங்கன்னு அந்தப் பையன் என்னை அவசரப்படுத்தறான். கம்ப்யூட்டர்ல என்னமோ ஒண்ணு இறக்கச் சொன்னான், அது முக்கால்வாசி ஓடிடுச்சு. போன்ல வந்த எண்ணை வேற கேக்கறான். கண்ணாடியைக் காணோம், தேடிட்டிருந்தேன். அதுக்குள்ள..."

"அத்தான்" என்றாள் கார்டம்மா.

பேச்சு நின்றது.

"நான்தான் அத்தான். எனக்கு ஒண்ணுமில்ல. ஆபரேஷன் எதுவும் இல்ல. அவன் பாங்கு இல்ல, திருடன். அந்த எண்ணை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்."

"எங்கேயும் அடி கிடி?"

"இல்ல அத்தான்."

"அப்பச் சரி" என்றார். நாற்காலியை நிமிர்த்தி உட்காருகிற சத்தம் கேட்டது. "அப்பச் சரி. நான் வேற என்னென்னவோ நெனச்சிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பேரைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அத்தான், அம்மா கார்டுல..." என்று ஆரம்பித்தாள்.

"அது இப்ப எதுக்கும்மா?" என்றார் அவர். "இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"இல்ல, சொல்லணும். அது வேணும்னு செஞ்சது இல்ல. பழைய கார்டு மேலயே அடிச்சேன். உங்க பேரை விட்டுட்டேன். தப்பு என்னுது. வந்து சொல்லியிருக்கணும். வரல."

"எனக்கு அன்னிக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு" என்றார் அத்தான். பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை. "சரி, இப்பச் சொல்லிட்டே இல்ல. திருடனை என்ன செய்யறது?"

கார்டம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, வயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாங்கு கார்டின் பின்பக்கம் அச்சாகியிருக்கிற நம்பருக்கு மட்டும் போன் போட்டு கார்டை நிறுத்தச் சொல்ல வேண்டும், அவன் கொடுத்த நம்பருக்கு இல்லை. கம்ப்யூட்டரை யாரும் திரும்பப் போடக்கூடாது. அவன் மறுபடி கூப்பிடுவான், மிரட்டுவான், போலீஸ் என்றுகூடச் சொல்வான், வைத்துவிட வேண்டும். மருந்துக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி அத்தானுக்குக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் கார்டின் பின்பக்கத்தைப் படித்தார்.

கார்டு நின்றது. அதற்குள் அவன் எதையும் எடுத்திருக்கவில்லை. அதைக் கேட்டதும் அக்கா முதல் முறையாகத் தரையில் உட்கார்ந்தாள். கொட்டிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் காலை நீட்டிக்கொண்டாள்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றாள்.

சோறும் ரசமும்கூட இல்லை. காலையிலிருந்து யாரும் உலை வைக்கவில்லை. மிச்சமிருந்த ரொட்டியைப் புருஷன் சுட்டுக் கொடுத்தார். அக்கா அதைத் தன் பிளாஸ்க்கிலிருந்த காப்பியில் தோய்த்துத் தின்றாள். "நோயாளிக்குன்னு கொண்டுவந்தது" என்று முணுமுணுத்தாள். கார்டம்மாவுக்கும் ஒரு மூடி நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் கணக்கு திரும்பக் கிடைத்தது. வயர் கணக்குக்குள் போய், திருடன் எங்கெங்கிருந்தோ திறந்து வைத்திருந்த எல்லாவற்றையும் மூடினார். இனி யார் நுழையப் பார்த்தாலும் அவள் போனுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் விடும் என்று ஏற்பாடு செய்தார். பெட்டியை அழிக்கத் தூக்கிக்கொண்டு போனார். லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாஸ்வேர்டு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக்கூடாது. பேரு, பொறந்த நாளு எதுவும் கூடாது. சும்மா நாலு சம்பந்தமில்லாத வார்த்தையாச் சேத்து வைங்க. உங்களுக்கா வார்த்தைக்குப் பஞ்சம்?" என்றார். புருஷன் சாயந்திர டிரிப்புக்கு வேனை எடுத்தார்.

ஆனால் போன் நிற்கவில்லை. மெசேஜ் போனவர்கள் எத்தனையோ பேர். காலையில் பார்க்காதவர்கள் இப்போது பார்த்தார்கள். கார்டம்மா ஒரு பாஸ்வேர்டை யோசித்து அடிக்க ஆரம்பிப்பாள், போன் வரும். பேசிவிட்டுத் திரும்பினால் யோசித்தது மறந்திருக்கும். நடுவில் ஒரு அம்மாள் போன் பண்ணி, காலையிலேயே அந்த லிங்க்கில் பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். போன வருஷம் பேரனுக்குப் பத்திரிகை அடிக்க வந்தவள். "போனாப் போகுது, நீ நல்லா இருக்கேல்ல?" என்றாள். அவளிடம் உடனே பாங்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்தபோது கார்டம்மாவுக்குக் கை ஓடவில்லை. கீபோர்டின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காசு திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா எழுந்து வந்து எடுத்தாள்.

"ஹலோ. நான் அவ அக்கா பேசறேன். இல்லீங்க, ஆஸ்பத்திரில இல்ல. பக்கத்துலதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. அது திருட்டு மெசேஜு. எதையும் அமுக்காதீங்க, எதையும் அனுப்பாதீங்க. என்னது? குரல் கேக்கணுமா?" போனைத் தங்கையின் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஏய், ஏதாவது பேசு."

"என்ன பேசறது?" என்றாள் கார்டம்மா.

"கேட்டுச்சா? அவதான்." வைத்தாள்.

அடுத்ததும் வந்தது. அதையும் அக்காவே எடுத்தாள். நாலைந்து போனுக்குள் அவளுக்குப் பேச்சு பழகிவிட்டது. "யார் உதவி கேட்டு மெசேஜ் போட்டாலும் முதல்ல போன் போட்டுக் குரலைக் கேளுங்க. போன் பண்ண வேண்டாம்னு போட்டிருந்தா கட்டாயம் போன் பண்ணுங்க" என்று முகம் தெரியாதவர்களையெல்லாம் அதட்டினாள். கார்டம்மா ஒரு பக்கம் பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொண்டே போனாள். மெயில், பாங்கு, அச்சகத்துக்கு அனுப்புகிற கணக்கு. காற்று வந்து சுவர்க் கார்டுகளை அடித்தது. மழை இன்னமும் வரவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அக்கா தரையில் கிடந்த சாமான்களைப் பார்த்தாள். புடவையை எடுத்து மடித்தாள். மடித்ததை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊருக்கு இனிமே பஸ் இருக்கா?"

கார்டம்மா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று தெரியும். இந்த முறை தள்ளிப்போடவும் முடியாது.

"இருக்கு" என்றாள். "ஆனா நாளைக்கும் நிறையப் போன் வரும்க்கா. என்னால தனியாச் சமாளிக்க முடியாது. இருந்துட்டுப் போ. நான்தான் கூப்பிடறேன்."

போன் மறுபடி அடித்தது. மடியிலிருந்த புடவையை நாற்காலியின் மேல் போட்டுவிட்டு அவள் எடுத்தாள்.

"ஹலோ, சொல்லுங்க. நான் அவ அக்காதான்."